கரடி வாழும் காட்டில் ஒரு காலை நடை
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சிவபூசையிலே கரடி புகுந்தாற்போல" என்றொரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. நல்ல காரியம் நடந்துகொண்டிருக்கும் வேளையில் வேண்டாத ஒருவர் வந்து நுழைந்துவிட்டால் இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். கரடிக்குச் சிவபூசையில் என்ன வேலை என்று நான் சிறுவயதில் யோசித்ததுண்டு. இப்பழமொழியிலே வரும் கரடி விலங்கன்று, கரடிகை என்னும் பறையே என்று பொருள் கூறுவாரும் உளர். கரடி உறுமுவது போன்ற ஓசையுடைமையால் அப்பறைக்கு அப்பெயர் வாய்த்ததாம். அமைதியாக நடக்கும் பூசையின் நடுவே திடீரென அப்பறை முழங்கினால் இருப்பவர்கள் திடுக்கிடுவார்கள். அதுவே பழமொழியின் கருத்து என்பது அவர்கள் கட்சி.

எது சரி என்று தீர்ப்புக் கூற நான் இங்கு வரவில்லை. "திடுக்கிடுதல்" என்ற அந்த ஒரு சொல்லை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். காட்டிலே கரடியால் மனிதனுக்கு நேரும் துன்பங்களுட் பெரும்பாலானவை திடுக்கிடுதலால் விளைபவையே. அங்கே திடுக்கிடுவது கரடி, காயப்படுவது மனிதன். இந்த உண்மையை நம் ஊர் இளைஞர்கள் அறிந்திருத்தல் அவசியம் என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் ஆடிவேல் விழாவை முன்னிட்டுக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்களுள் நம் கிராமங்களைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கடக்கும் காடு, கரடியின் சொந்த ஊர்.

நான் மிசன் பாடசாலையிலே படித்தவன். கரடியை நான் முதன்முதல் சந்தித்தது ஓர் ஆங்கில வாசிப்புப் புத்தகத்திலே. அந்தக் கதையில் மூன்று கரடிகள் வீடு கட்டி, நாற்காலியிட்டு, கிண்ணத்திலே கஞ்சி வார்த்துக் குடித்துக்கொண்டிருந்தன. வேதாகம வகுப்பில் வந்த கரடி வேறுவிதமானது. தன் மந்தை ஆட்டைப் பிடித்த கரடியை இடையச் சிறுவனான தாவீது கொன்றான் என்று படித்தோம். வீட்டுக்கு வந்தால் பாட்டியார் சொல்லும் இராமாயணக் கதையிலே கரடிகளின் தலைவர் ஜாம்பவான், தன் பலத்தைத் தானே அறியாதிருந்த அனுமனுக்கு அதை எடுத்துரைத்துக் கடலைத் தாண்டச் செய்கிறார். கஞ்சி குடிக்கும் கரடி ஒன்று, கொலைக்குரிய கரடி ஒன்று, ஞானமுள்ள கரடி ஒன்று. மூன்றையும் கற்றேன். நம் ஊரிலிருந்து பேருந்தேறினால் அரை நாளில் எட்டிவிடக்கூடிய காட்டில் உலவும் கரடியைப் பற்றி எந்தப் புத்தகமும் எனக்கு ஒரு வரிகூடச் சொல்லித்தரவில்லை. அக்குறையை இன்று சிறிது போக்கிக்கொள்வோம்.

இலங்கையில் இருப்பது ஒரே இனக் கரடி. இதே இனம் இந்தியாவிலும் உண்டு. இலங்கையில் உள்ளது அதன் கிளையினம். 1791ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஷோ என்னும் ஆங்கில விலங்கியலாளர் இதன் நீண்ட நகங்களைக் கண்டு மயங்கி, அமெரிக்கக் காடுகளில் மரக்கிளையிலே தலைகீழாகத் தொங்கும் ஸ்லோத் என்ற மந்த விலங்கின் உறவென்று எண்ணிப் பெயரிட்டுவிட்டார். அதனால் ஆங்கிலத்தில் இன்றுவரை இதற்குச் சோம்பற் கரடி என்றே பெயர். சோம்பல் இதனிடம் அறவே இல்லை. வேண்டும்போது மனிதனைவிட வேகமாக ஓடும். பிற்காலத்தில் வழங்கலான அறிவியற் பெயருக்குத் தேன்கரடி என்பது பொருள். அது பொருத்தமானது.

கரடியைத் தேடி மலைநாட்டுக்குப் போகவேண்டியதில்லை. அது வாழ்வது வறண்ட வலயத்தின் தாழ்நிலக் காடுகளில்; யாழ, குமண, வில்பத்து, வஸ்கமுவ முதலிய இடங்களில். இதன் முக்கிய உணவு கறையானும் எறும்பும். மேல்வாயின் முன்பற்களுள் நடுவிலுள்ள இரண்டும் இதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியே, உதட்டைக் குழாய்போற் குவித்து, மூக்குத் துவாரங்களை மூடிக்கொண்டு, தோண்டிய புற்றிலிருந்து கறையானை உறிஞ்சி எடுக்கும். அந்த ஓசை நூறு யாருக்கு அப்பாலும் கேட்கும். மோப்பம் மிகக் கூர்மையானது. கண் பார்வையும் செவியும் அவ்வளவு கூர்மையில்லை. புற்றிலே தலையைப் புதைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கும் கரடி தன் ஓசையில் தானே மூழ்கி, அருகே வரும் மனிதனை அறியாதிருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த உரை முழுவதற்கும் திறவுகோல் அதுதான்.

உகந்தை மலைச் சுனைக்கு நாங்கள் நடந்து சென்ற ஒரு காலைப்பொழுதைப் பற்றி இனிக் கூறுகிறேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள், எம்மில் எழுவர் கிட்டங்கிப் பாலத்தைக் கடந்து கல்முனை சேர்ந்து, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவிலை அடைந்தோம். கதிர்காமத்துக்குப் பலமுறை நடந்து சென்று பழக்கப்பட்ட மாமா ஒருவர் எங்களுக்குத் தலைவராக வந்தார். பொத்துவிலிலே தேநீர் குடிக்க நின்ற கடையின் உரிமையாளர் முதிய முஸ்லிம் பெரியவர். அவருடைய இடக்கண்ணின் ஓரத்திலிருந்து தாடை வரையில் ஒரு பழைய தழும்பு இழுத்திருந்தது. இளமையில் தேன் எடுக்கக் காட்டுக்குப் போனபோது கரடியால் வந்தது என்றார்.

"கரடியிலே கோபம் இல்லையா காக்கா?" என்று எங்களில் ஒருவன் கேட்டான்.

"என்னத்துக்குக் கோபம் தம்பி? அதுட குகை வாசல்ல சத்தமில்லாம போய் நிண்டது நான். நீங்க வாய மூடிக்கொண்டு போகாதிங்க. கதைச்சுக்கொண்டு போங்க. மனிசன் வாறான் எண்டு தெரிஞ்சா அது தன்பாட்டுல போயிரும்."

எங்களிடம் தேநீருக்குக் காசு வாங்கவும் அவர் மறுத்துவிட்டார்.

இரவு பாணமையிலே தங்கினோம். அங்கிருந்து உகந்தைக்குக் காட்டு வழியில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். வெயிலுக்கு முன் போய்ச் சேரலாமென்று அதிகாலை நாலு மணிக்கே புறப்பட ஆயத்தமானோம். மாமா இடங்கொடுக்கவில்லை. "வெளிச்சம் வரட்டும் மருமகன். இருட்டு அதுகளுக்குரிய நேரம்" என்று சொல்லிப் பாயில் மறுபடியும் சாய்ந்துவிட்டார். நிலம் வெளுத்த பின்னரே நடக்கத் தொடங்கினோம்.

பாலைமரங்கள் பழுத்திருந்த காலம் அது. வைகாசி முதல் ஆடி வரை இக்காடுகளிலே பாலைப்பழமும் வீரைப்பழமும் கிடைக்கும். கரடிக்கு அவை பெருவிருந்து. மரத்தில் ஏறியிருந்து தின்னும், உதிர்ந்ததையும் பொறுக்கும். வழியோரத்துப் பாலைமரமொன்றின் பட்டையிலே நகக் கீறல்கள் ஆளுயரத்துக்கு மேலும் தொடர்ந்திருந்தன. அப்பால் ஒரு புற்று பாதியாகத் தோண்டப்பட்டிருந்தது; புது மண் இன்னும் ஈரமாயிருந்தது. மணலிலே பதிந்திருந்த பின்னங்காற் சுவட்டைக் கண்டு, யாரோ வெறுங்காலுடன் நடந்த சுவடு என்றான் ஒரு தோழன். விரல்களுக்கு முன்னே நகங்கள் குத்திய குழிகளை மாமா சுட்டிக்காட்டிய பிறகு அவன் கூட்டத்தின் நடுவிலே வந்து நடந்தான்.

வற்றிய ஓடை ஒன்றைக் கடந்து பற்றைக்காட்டின் ஓரமாகப் போனபோது அந்த ஓசையைக் கேட்டோம். கொல்லன் பட்டறையிலே துருத்தி ஊதுவதுபோல ஓர் இழுப்பு, பிறகு ஒரு சீறல், மறுபடியும் இழுப்பு. மாமா கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். ஒருவரையொருவர் ஒட்டி நிற்கச் செய்தார். பின்பு இரண்டு கைகளையும் ஓங்கித் தட்டி, "அரோகரா!" என்று குரலெழுப்பினார். நாங்கள் எழுவரும் சேர்ந்து குரல் கொடுத்தோம். துருத்தி ஓசை சட்டென்று நின்றது. சிறிது நேரம் எதுவுமில்லை. பிறகு பற்றைக்குள் கிளைகள் முறியும் சத்தம் எங்களுக்கு எதிர்த்திசையிலே விலகி விலகிப் போய் அடங்கிற்று. நாங்கள் கரடியைக் காணவில்லை. காணாமற்போனதே நமக்குக் கிடைத்த நன்மை என்று சொல்லி மாமா மேலே நடந்தார்.

உகந்தையிலே கோயிலை வணங்கிவிட்டுப் பாறைமலையில் ஏறினோம். முருகப்பெருமானும் வள்ளியம்மையும் கல்லோடத்தில் வந்து இறங்கிய கரை இது என்பது ஐதீகம். மலைமேல் வள்ளியம்மைக்குக் கோயில் உண்டு. ஏறும் பாறையெங்கும் சுனைகள். சில அண்டா அளவு. சில குளம் போன்றவை. மழைநீர் பாறையின் சிறு பள்ளத்திலே தேங்கி நிற்க, நீர் பட்ட பாறை நாளடைவில் இளகி மணலாய் உதிர, காற்றும் அடுத்த மழையும் அம்மணலை வாரிச் செல்ல, பள்ளம் ஆழமாகும். ஆழமாக ஆழமாக மேலும் நீர் நிற்கும். இப்படி ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மழை குடைந்த பாத்திரங்கள் அவை. கிழக்கே கடல். மேற்கிலும் தெற்கிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் காடு. சுற்றியுள்ள ஓடைகளெல்லாம் மணலாய்க் கிடந்த அந்த ஆனி மாதத்திலும் பெரிய சுனையிலே நீர் இருந்தது. அதன் ஓரத்துச் சேற்றிலே மானின் குளம்பும் பன்றியின் குளம்பும் கரடியின் அடியும் பதிந்திருந்தன. அவற்றுக்கு அருகே ஒரு சவர்க்காரக் கடதாசியும் இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களும் கிடந்தன.

அன்பர்களே, அந்தச் சேற்றிலே நான் கண்டதை எண்ணிப் பாருங்கள். உகந்தையிலும் கதிர்காமத்திலும் ஆடிவேல் விழா ஒரே காலத்தில் நிகழ்வது. அக்காலத்தை ஒட்டியே குமண, யாழ வனங்களின் ஊடாகச் செல்லும் பாதை அடியார்களுக்குச் சில வாரங்கள் திறந்துவிடப்படுகிறது. பாலைப்பழம் பழுப்பதும், ஓடைகள் வற்றுவதும் அக்காலமே. நமக்கு விரதகாலம், கரடிக்கு விருந்துகாலம், இருவருக்கும் தண்ணீர் அரிய காலம். ஒரே பாதையிலே, ஒரே மாதத்திலே, ஒரே நீரைத் தேடி இருவரும் வருகிறோம்.

வஸ்கமுவவிலே கரடிகளின் கழுத்தில் வானொலிக் கருவி பூட்டி ஆராய்ந்த சியாமளா ரத்நாயக்கவும் அவரோடிணைந்த ஆய்வாளர்களும், ஒரு பெண் கரடியின் புழக்க எல்லை சராசரியாக 2 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்றும், ஆண் கரடியின் எல்லை 4 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்றும் கண்டார்கள். இது நம் கிராமம் ஒன்றின் அளவுதான். அவ்வெல்லைக்குள் எந்தப் புற்று, எந்த மரம், எந்தச் சுனை என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். நாம் வழிப்போக்கர், அது குடியிருப்பது.

இனி, கரடி ஏன் தாக்குகிறது? மனிதனைத் தின்பதற்காக அன்று. தாய்க்கரடி தன் குட்டிகளை மாதக்கணக்கிலே முதுகில் சுமந்து திரிகிறது. இதற்கு அஞ்சத்தக்க பகை சிறுத்தை. மரமேறித் தப்பலாமென்றால் சிறுத்தையும் மரமேறும். ஆகையால் எதிரி மிக அருகே தோன்றினால் நின்று எதிர்த்துப் போராடுவதே இதன் இயல்பு. கிட்டப்பார்வையும் புற்றோசையுமாக இருக்கும் இந்த விலங்கின் முன்னே, பத்தடி தூரத்தில், ஓசையில்லாமல் ஒரு மனிதன் முளைத்தால் அது அவனைச் சிறுத்தையாகவே கருதும். அப்போது அது முகத்தையே நாடித் தாக்கும். ஓசையினால் முன்கூட்டியே அறிவித்துவிட்டால் விலகிச் செல்ல அதற்கு நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தைக் கொடுப்பதே நம் கடமை.

வட அமெரிக்காவிலே, மொன்டானா மாநிலத்துக் கிளேசியர் தேசிய வனத்தில், பனிமலை ஏரிகளைக் காண ஆயிரக்கணக்கானோர் காலைதோறும் நடந்து செல்கிறார்கள். அங்குள்ள கரடி நம்முடையதினும் மிகப் பெரியது. அவ்வனத்தின் அதிகாரிகள் பயணிகளுக்குச் சொல்லும் புத்திமதி: கூட்டமாகச் செல்லுங்கள், பேசியும் கூப்பிட்டும் செல்லுங்கள், வளைவுகளிலும் நீரோசை மிகுந்த இடங்களிலும் குரலை உயர்த்துங்கள் என்பதே. நம் முன்னோரோ அச்சிட்ட அறிவித்தல் எதுவுமின்றியே கூட்டமாகக் கூடி, "சாமி, சாமி" என்று ஒருவரையொருவர் அழைத்து, அரோகரா முழங்கி, பாடிக்கொண்டே அக்காட்டைக் கடந்து வந்தார்கள். அவர்கள் பக்தியினால் பாடினார்கள், ஐயமில்லை. அந்தப் பாட்டு காட்டு விலங்குகளுக்கு ஓர் அறிவித்தலாகவும் அமைந்தது. காட்டு வழியிலே தனித்துச் செல்லாதே என்று பெரியவர்கள் தடுப்பதைப் பழைய காலத்துப் பயம் என்று எண்ணும் தம்பிமார் இதைச் சிந்திக்கவேண்டும்.

ஓசை என்றதும் ஒலிபெருக்கியைத் தோளிலே சுமந்து செல்வோமென்று யாரும் எண்ணவேண்டாம். மனிதக் குரல் போதும். சினிமாப் பாட்டை உச்சத்தில் வைத்துக் காட்டை அலறவைப்பதும், பட்டாசு கொளுத்துவதும் அறிவித்தல் ஆகா, அவை மிரட்டல். மேலும், காதிலே கருவியைச் செருகித் தான் மட்டும் பாட்டுக் கேட்டு நடப்பவன் கரடிக்கும் ஓசை கொடுப்பதில்லை. கரடியின் ஓசையையும் கேட்பதில்லை. இப்பழக்கம் நம் இளைஞரிடையே பெருகியிருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

இதிலே நமக்கு என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். நாவிதன்வெளியிலே இப்போது கரடி எங்கே என்றும் கேட்கலாம். 1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையிலே அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்தது. காடாயிருந்த பெருநிலம் வயலாயிற்று. இலக்கமிட்ட குடியேற்றக் கிராமங்கள் தோன்றின. நாம் இன்று உண்ணும் சோறு அத்தண்ணீரால் விளைந்தது. அதைப் பழித்துப் பேசுவது நன்றியாகாது. ஆனால் வயலானது காடாயிருந்த நிலம் என்பதையும் மறக்கலாகாது. யானை இன்றும் நம் வயலோரக் கிராமங்களுக்கு வந்து அதை நமக்கு நினைவூட்டுகிறது. கரடி அப்படி வருவதில்லை. காடு சுருங்கச் சுருங்க அது ஓசையின்றி இல்லாமற் போகிறது. இந்நாட்டுக் கரடிகளின் தொகை ஆயிரத்துக்குள்தான் இருக்கும் என்று அறிந்தோர் மதிப்பிடுகிறார்கள். சட்டம் அதைக் காக்கிறது; எனினும், காயம்பட்ட ஒருவரின் உறவினர் கோபத்தோடு துவக்கை எடுத்தால் சட்டம் காட்டுக்குள் வந்து நிற்கப்போவதில்லை. ஆகவே ஒரு மனிதன் காயப்படாமல் திரும்பினால் ஒரு கரடியும் பிழைக்கிறது. இரண்டு உயிரையும் ஒரே செயலால் காக்கலாம்.

ஆதலால், இவ்வாண்டு நம் சங்கத்தின் சார்பிலே பாதயாத்திரை செல்லவிருக்கும் அன்பர்களிடம் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது: உகந்தைக்கு அப்பால் எவரும் தனித்து நடக்கவேண்டாம். கூட்டத்திலே முதியோரும் பிள்ளைகளும் நடுவிலும், பழக்கமுள்ளவர் முன்னும் பின்னும் செல்லட்டும். நிலம் தெளியுமுன் புறப்படவேண்டாம். பொழுதுபடுமுன் தங்குமிடம் சேரவேண்டும். காலைக்கடனுக்கு இருட்டிலே பற்றைக்குள் ஒருவர் மட்டும் போவதே அதிக ஆபத்தானது. இருவராகப் போங்கள், விளக்கோடு, குரல் கொடுத்துப் போங்கள்.

இரண்டாவது: கரடியைக் கண்டுவிட்டால் ஓடவேண்டாம். ஒன்றாக நெருங்கி நின்று, அதன்மேல் கண்ணை வைத்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள். படம் பிடிப்பதற்காக ஓர் அடியும் முன்னே வைக்காதீர்கள். தப்ப வழியின்றி அது மேல்விழுந்துவிட்டால் குப்புறப் படுத்துக் கைகளைக் கோத்துக் கழுத்தையும் முகத்தையும் மறைத்துக்கொள்ளுங்கள். கூட வந்தவர்கள் ஓடிக் கலையாமல் சேர்ந்து குரலெழுப்புங்கள்.

மூன்றாவது: சுனையும் வில்லும் ஆறும் நமக்கு மாத்திரம் உரியவையல்ல. சுனையில் இறங்கிக் குளிக்காமல் நீரை மொண்டு அப்பாற் கொண்டுபோய்க் குளியுங்கள். சவர்க்காரத்தை அதனருகே கொண்டுபோகாதீர்கள். மழை வரும்வரை அந்த நீர் மாறப்போவதில்லை. நீரின் விளிம்பிலே அடுப்பு மூட்டிப் பாய் விரித்துப் படுத்தால் இரவிலே தாகத்தோடு வரும் உயிர் எங்கே போகும்? சற்றுத் தள்ளித் தங்குங்கள். மிஞ்சிய சோற்றையும் போத்தலையும் பொலித்தீன் பையையும் அங்கே விட்டுவராதீர்கள். கொண்டுபோகும்போது பாரமாயிருந்த போத்தல் வெறுமையான பின் பாரமாயிராது.

பெரியோர்களிடத்திலும் ஒரு விண்ணப்பம். உங்களுள் பலர் அக்காட்டு வழியைப் பலமுறை நடந்தவர்கள். எந்த வளைவிலே குரல் கொடுக்கவேண்டும், எந்த மரத்தடியில் தங்கலாகாது, எந்தச் சுனை எந்த மாதம் வரை வற்றாது என்பதெல்லாம் உங்கள் நெஞ்சிலே இருக்கின்றன. எந்தப் புத்தகத்திலும் இல்லை. புறப்படுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதைச் சங்க மண்டபத்திலே எங்களுக்காக ஒதுக்கி, அவற்றைச் சொல்லித் தாருங்கள். நாங்கள் எழுதி வைத்துக்கொள்கிறோம். அடுத்த தலைமுறைக்கு அது பயன்படும்.